சேர்ந்து நடப்போம்: பூங்கா நடைக் குழுவில் சேர விரும்பும் மூத்தோருக்கு

நடப்பது எல்லோருக்கும் தெரிந்த காரியம். சந்தைக்கு நடக்கிறோம், கோயிலுக்கு நடக்கிறோம், பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டுவர நடக்கிறோம். அப்படியிருக்க, முன்பின் தெரியாதவர்களோடு பூங்காவில் நடக்க ஒரு குழு எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம்.

தனியாக நடப்பவர் ஒரு நாள் நடக்காவிட்டால் அது யாருக்கும் தெரியாது. மறுநாளும் விட்டுவிடுவது எளிது. குழுவில் நடப்பவர் வராவிட்டால், “அக்கா ஏன் இன்றைக்கு வரவில்லை?” என்று ஒருவராவது கேட்பார். ஓய்வுபெற்றவர்கள், துணையை இழந்தவர்கள், பிள்ளைகள் வேலைக்குப் போனபின் பகல் முழுதும் வீட்டில் தனியாக இருப்பவர்கள் ஆகியோருக்கு அந்தக் கேள்வி பெரிய விஷயம். வீட்டில் ஒருவர் வழுக்கி விழுந்து கிடந்தால்கூட, காலையில் அவரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஓர் ஆள் இருக்கிறார் என்பது பாதுகாப்புதான்.

உடலுக்குக் கிடைக்கும் பயனும் உண்மையானது. 14 நாடுகளில் நடந்த 42 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015ஆம் ஆண்டு வெளிவந்தது. நடைக் குழுக்களில் சேர்ந்த 1,843 பேரின் விவரங்கள் அதில் இருந்தன. அவர்களின் இரத்த அழுத்தம், உடல் கொழுப்பு, மனச்சோர்வு ஆகியவை குறைந்தன. பெரும்பாலோர் இடையில் நின்றுவிடாமல் தொடர்ந்து வந்தார்கள். பாதிப்பு என்று பார்த்தால், புல்தரையிலும் ஈரமான சாலையிலும் சிலர் விழுந்ததும், சிலருக்குக் கெண்டைக்காலில் அடிபட்டதும்தான். எந்த மாதிரியான தரையில் நடக்கிறோம் என்பதைப் பற்றிக் கீழே கொஞ்சம் விரிவாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு நடக்க வேண்டும்?

வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்யவேண்டும் என்பது சிங்கப்பூரின் உடற்பயிற்சி வழிகாட்டி. மூத்தோர் இதனோடு, உடல் சமநிலைக்கும் தசை வலிமைக்கும் உரிய பயிற்சிகளை வாரத்தில் 3 நாளாவது செய்வது நல்லது.

150 என்ற எண்ணைப் பார்த்து மலைக்கவேண்டாம். வாரம் 3 நாள் குழுவோடு 30 நிமிடம் நடந்தால் 90 நிமிடம் ஆயிற்று. மீதி 60 நிமிடத்தைச் சந்தைக்குப் போகும்போதும், ஒரு பேருந்து நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடக்கும்போதும் சேர்த்துவிடலாம். இதுவரை நடந்தே பழக்கமில்லாதவர் 10 நிமிடத்தில் தொடங்கினாலும் அது வீண் போகாது.

குழுவை எங்கே தேடுவது?

முதலில் உங்கள் புளோக்குக்கு அருகிலுள்ள துடிப்பாக மூப்படைதல் நிலையத்தில் கேளுங்கள். பல நிலையங்கள் புளோக்கின் கீழ்த்தளத்திலேயே இருக்கின்றன. நேரில் போய், “காலையில் நடக்கிற குழு இருக்கிறதா? எனக்கு முழங்கால் வலி உண்டு, மெதுவாகத்தான் நடப்பேன்” என்று சொன்னால் போதும். அடுத்ததாகச் சமூக மன்றத்தில் விசாரியுங்கள். கைப்பேசி பழகியவர்கள் ‘ஹெல்தி 365’ செயலியில் தங்கள் வட்டாரத்தில் நடக்கும் உடற்பயிற்சி நிகழ்ச்சிகளைத் தேடி, இடம் பதிவுசெய்யலாம். செயலி சிரமம் என்றால் பிள்ளையையோ பேரனையோ ஒருமுறை பதிவுசெய்து தரச் சொல்லுங்கள். ஆனால் எந்தக் குழு, எந்த நாள் என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். பிள்ளைகளுக்கு வசதியான நாள் உங்களுக்கு வசதியான நாளாக இருக்கவேண்டும் என்பதில்லை.

ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் நீங்கள் சேர்ந்திருந்தால், உங்கள் குடும்ப மருத்துவரிடமும் நடைக் குழுவைப் பற்றிப் பேசலாம். 2023 ஜூலையில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் நோக்கமே நோய் வருமுன் காப்பதுதான்.

நம் மூத்தோரில் பலர் தயங்குவது மொழிக்காக. “எல்லாரும் சீனத்தில் பேசுவார்கள், நான் மட்டும் ஓரமாக நடக்கவேண்டும்” என்பார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக ஒரு மொழி உண்டு. கடைத்தெருவில் பேசிய மலாய் இன்னும் பலருக்கு மறக்கவில்லை. “பெலான் பெலான்” என்றால் குழுவே வேகத்தைக் குறைக்கும். “துங்கு” என்றால் நிற்பார்கள். “சுடா மக்கான்?” என்று கேட்டால் சிரித்துக்கொண்டே பதில் வரும். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று விரும்பினால், தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு இரண்டு பேராகச் சேருங்கள். முதல் நாள் தனியாகப் போவதைவிட அது பலமடங்கு எளிது.

எந்தப் பூங்கா?

பெயர்பெற்ற பூங்காவைவிட, 10 நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய பூங்காவே மேல். இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டிய இடத்துக்கு உற்சாகம் இரண்டு வாரம்தான் தாங்கும். அதைத் தாண்டி, தரை, நிழல், உட்காரும் இடம், கழிப்பறை ஆகிய நான்கையும் பாருங்கள்.

பீஷான் அங் மோ கியோ பூங்கா புதியவர்களுக்கு ஏற்றது. 62 ஹெக்டர் பரப்புள்ள அந்தப் பூங்காவின் நடுவே காலாங் ஆறு ஓடுகிறது. முன்பு கான்கிரீட் கால்வாயாக இருந்ததை வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றி, 2012இல் பூங்காவை மீண்டும் திறந்தார்கள். பாதைகள் பெரும்பாலும் சமதளம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கனமழை பெய்தால் ஆற்றின் நீர் கரையோரப் புல்வெளிவரை வேகமாக ஏறும். எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ ஒலி கேட்டாலோ, வேடிக்கை பார்க்க நிற்காமல் மேட்டுப் பக்கம் ஏறிவிடுங்கள்.

கிழக்குக் கடற்கரைப் பூங்கா சுமார் 15 கிலோமீட்டர் நீளம். கடல்காற்று உண்டு, பாதை சமமாக இருக்கும். அங்கே கவனிக்கவேண்டியது சைக்கிள்கள். நடைபாதையும் சைக்கிள் பாதையும் அருகருகே போகும். சைக்கிள் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம்வரை ஓட்ட அனுமதி உண்டு. பேச்சு சுவாரஸ்யத்தில் நான்கு பேர் வரிசையாகப் பரவி நடந்தால், ஓரத்தில் நடப்பவர் சைக்கிள் பாதைக்குள் போய்விடுவார். இரண்டிரண்டு பேராக இடப்பக்கம் ஒதுங்கி நடங்கள். பாதையைக் கடக்கும்போது இரு பக்கமும் திரும்பிப் பாருங்கள். காது சற்று மந்தமானவர்களைப் பாதையின் உள்பக்கம் விடுங்கள்.

பூமலைக்கு அறிமுகம் தேவையில்லை. 1859இல் உருவாக்கப்பட்டு 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமான அந்த இடத்தில், தொண்டூழியர்கள் வழிநடத்தும் இலவச நடைகள் உண்டு. அவை உடற்பயிற்சி நடைகள் அல்ல. ஒரு மரத்தடியில் நின்று கதை கேட்டு, அடுத்த மரத்துக்குப் போவார்கள். விறுவிறுப்பாக நடக்க முடியாதவர்களுக்கு அது நல்ல தொடக்கம். 5 வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் தெம்புசு மரத்தை அங்கே நேரில் பார்க்கலாம். ஆனால் நீண்ட நேரம் நிற்க நேரும். இடுப்பு வலி உள்ளவர்கள் மடக்கு நாற்காலிக் கைத்தடி ஒன்றைக் கொண்டுபோனால் நல்லது.

மெக்ரிட்சி காட்டுப் பாதையைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்காதீர்கள். வேர்களும் படிகளும் நிறைந்த வழி அது. மழைக்குப் பின் வழுக்கும். குரங்குகள் பிளாஸ்டிக் பையைப் பார்த்தாலே சாப்பாடு என்று பாய்ந்துவரும். ஆறு மாதம் சமதளத்தில் நடந்து கால் பலப்பட்டபின் யோசிக்கலாம்.

பல பூங்காக்களிலும் புளோக்குகளின் கீழேயும் கூழாங்கல் பதித்த பாதைகள் இருக்கின்றன. வெறுங்காலோடு அதில் நடந்தால் நரம்புக்கு நல்லது என்று பலர் சொல்வார்கள். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் அதில் ஏறவே கூடாது. கல் குத்திய புண் வலிக்காது. வலிக்காததால் தெரியாது. தெரியவரும்போது சீழ் பிடித்திருக்கும். குழுவில் எல்லோரும் ஏறினாலும் நீங்கள் ஓரமாக நின்றுகொள்ளுங்கள்.

சேருவதற்கு முன் யார் மருத்துவரைப் பார்க்கவேண்டும்?

மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ அளவுக்கு மீறிய மூச்சிரைப்போ வருபவர்கள், கடந்த ஓராண்டில் இரண்டு முறை விழுந்தவர்கள், அடிக்கடி தலைசுற்றல் உள்ளவர்கள், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ கட்டுக்குள் வராதவர்கள் ஆகியோர் முதலில் மருத்துவரைப் பாருங்கள். நடக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்வது அரிது. எவ்வளவு நடக்கலாம், எதைக் கவனிக்கவேண்டும் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்.

முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு நடை கெடுதல் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தால்தான் மூட்டைத் தாங்கும் தசை தளரும். நடக்கும்போது இலேசான வலி இருந்தால் பரவாயில்லை. நடந்து முடித்து இரண்டு மணி நேரத்துக்கு மேலும் வலி நீடித்தாலோ, மறுநாள் காலையில் வலி கூடியிருந்தாலோ, அடுத்த முறை தூரத்தைக் குறையுங்கள். கைத்தடி பயன்படுத்துவதில் வெட்கம் வேண்டாம். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்பதால் இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். அதனால் சர்க்கரை அளவு இறங்கும். இது நல்லதுதான். ஆனால் இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிபிசைட், கிளிக்லசைட் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் தேவைக்கு மேல் இறங்கிவிடக்கூடும். மெட்பார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு.

காலை 7 மணிக்கு நடை என்றால், பலர் மாத்திரையைப் போட்டு, வெறும் தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பூசை முடிந்தபின்தான் சாப்பிடுவது என்ற பழக்கமும் பல வீடுகளில் உண்டு. விரத நாளில் கேட்கவே வேண்டாம். மாத்திரை வேலை செய்யும், வயிற்றில் ஒன்றும் இருக்காது, காலும் நடக்கும். மூன்றும் சேர்ந்தால் மயக்கம்தான். கிளம்புமுன் இரண்டு துண்டு ரொட்டியோ ஓர் இட்லியோ சாப்பிடுங்கள். விரதம் இருக்கும் நாளில் மருந்தையும் நடையையும் என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். கேட்காமல் மருந்தை நிறுத்தவேண்டாம்.

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சில் குழப்பம் ஆகியவை சர்க்கரை இறங்குவதன் அறிகுறிகள். உடனே உட்காருங்கள். 3 தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள், அல்லது இனிப்பான பானம் அரைக் குவளை குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள். 4க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை அதேபோல் செய்யுங்கள். இதற்காகவே ஒரு சிறு பொட்டலம் சர்க்கரை எப்போதும் உங்கள் பையில் இருக்கட்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 995ஐ அழைக்கவேண்டும். இதைக் குழுத் தலைவருக்கும், பக்கத்தில் நடப்பவருக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மறைப்பதால் கௌரவம் ஒன்றும் கூடுவதில்லை.

யாருடைய வேகத்தில் நடப்பது?

குழுவில் நடப்பதன் ஒரே பெரிய ஆபத்து இதுதான்: அடுத்தவர் வேகத்தில் நடப்பது. முன்னால் போகும் 60 வயதுக்காரரைப் பிடிக்க 75 வயதுக்காரர் ஓட்டமும் நடையுமாகப் போவார். கேட்டால், “அவர்கள் எனக்காக நிற்கவேண்டியிருக்கிறதே” என்பார். இரண்டு வாரம் அப்படிப் போய், முழங்கால் வீங்கி, மூன்றாவது வாரம் வராமலே போய்விடுவார்.

சரியான வேகத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். நடந்துகொண்டே பக்கத்தில் உள்ளவரிடம் பேச முடியவேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. தாராளமாகப் பாட முடிந்தால் சற்று விரைவாக நடக்கலாம். ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்கவேண்டும். கைக்கடிகாரத்தில் இதயத்துடிப்பைப் பார்ப்பவர்கள் கவனிக்கவும்: அட்டெனலால், பிசோப்புரலால் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு எவ்வளவு நடந்தாலும் துடிப்பு அதிகம் ஏறாது. அவர்களும் பேச்சையே அளவாகக் கொள்ளலாம்.

நல்ல குழுவில் கடைசியாக நடப்பவருக்குப் பின்னால் ஒரு தொண்டூழியர் வருவார். யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். அப்படி ஓர் ஆள் இல்லாவிட்டால், “பின்னால் யார் வருகிறீர்கள்?” என்று தலைவரிடம் கேளுங்கள். கேட்டபின்பும் வேகம் குறையவில்லை என்றால் வேறு குழுவைத் தேடுங்கள். அதில் தவறில்லை. ஒரே பாதையில் சுற்றிச் சுற்றி வரும் குழு மெதுவாக நடப்பவர்களுக்கு வசதி. அவர்கள் மூன்று சுற்று வருவதற்குள் நீங்கள் இரண்டு சுற்று முடித்துவிட்டு, ஒரே இடத்தில் எல்லோரோடும் முடிக்கலாம்.

உடை, காலணி, கழிப்பறை

செருப்பு வேண்டாம். குதிகாலைப் பிடித்துக்கொள்ளும், அடிப்பாகம் வழுக்காத காலணி வேண்டும். மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். விரல் நுனிக்கும் காலணிக்கும் இடையே கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். நீரிழிவு உள்ளவர்கள் அணியுமுன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தின் அடிப்பாகத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

சேலையில் நடக்கலாம். ஆனால் படியிலும் நடைபாதை விளிம்பிலும் கொசுவம் காலில் தட்டும். பஞ்சாபி சூட் அணிந்தால் எளிது. துப்பட்டாவைக் குத்திவிடுங்கள் அல்லது வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

பல பெண்கள், சில ஆண்களும்கூட, வெளியே சொல்லாத ஒரு காரணத்துக்காகக் குழுவில் சேருவதில்லை. அடிக்கடி சிறுநீர் கழிக்கவேண்டியிருக்கும், இருமினால் கசியும். இது வயதானவர்களிடம் மிகச் சாதாரணம். தண்ணீர் குடிக்காமல் வருவது இதற்குத் தீர்வல்ல, வெயிலில் அது மயக்கத்தில் போய் முடியும். கழிப்பறையைத் தொட்டுப் போகும் பாதையைத் தேர்ந்தெடுக்கும்படி தலைவரிடம் கேளுங்கள். மருத்துவரிடமும் சொல்லுங்கள். இடுப்புத் தசைப் பயிற்சியால் பலருக்கு நன்றாகவே குறைகிறது.

வெயிலும் மழையும்

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சுமார் 7 மணிக்குத்தான் சூரியன் உதிக்கிறது. 6 மணிக்கே கிளம்புபவர்கள் இருட்டில் தரை தெரியாமல் தடுக்கி விழலாம். வெளிச்சம் வந்தபின் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிப்பது நல்லது. மைஎன்வி செயலியில் வெப்ப அளவு ‘உயர்’ நிலை என்று காட்டினால் அன்றைய நடையைக் கூரையுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். புகைமூட்டக் காலத்தில் பிஎஸ்ஐ 100ஐத் தாண்டினால் மூத்தோர் வெளியே நெடுநேரம் நடக்கவேண்டாம். இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் வெளியே நடப்பதைத் தவிர்க்கவேண்டும். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள், கட்டடத்துக்குள் போங்கள்.

நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, வாய் கோணுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் நின்று, உட்கார்ந்து, 995ஐ அழைக்கச் சொல்லுங்கள். “வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சரியாகும்” என்று கிளம்பாதீர்கள். அடையாள அட்டையோடு, உங்கள் மருந்துகளின் பெயரும் ஓர் உறவினரின் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டை வைத்திருங்கள்.

நடை முடிந்தபின்

நடை முடிந்ததும் பல குழுக்கள் உணவங்காடி நிலையத்துக்குப் போகும். அவசரமாக வீட்டுக்குத் திரும்பாமல் நீங்களும் போங்கள். பெயர்கள் தெரிவதும், யாருக்கு அறுவை சிகிச்சை, யாருக்குப் பேத்தி பிறந்தாள் என்பது தெரிவதும் அந்த மேசையில்தான். தேநீரை மட்டும் ‘தே சி கோசோங்’ அல்லது ‘தே ஓ கோசோங்’ என்று சர்க்கரை இல்லாமல் கேளுங்கள். இரண்டு பரோட்டா, இனிப்புத் தேநீர் என்று தினமும் போனால் நடந்த பலன் அங்கேயே கரைந்துவிடும். என்றைக்காவது ஒரு நாள் சாப்பிட்டால் குற்றமில்லை.

அந்த மேசையிலேயே இரண்டு பேரிடம் தொலைபேசி எண்ணை வாங்கி, உங்கள் எண்ணையும் கொடுத்துவிடுங்கள். வர முடியாத நாளில் ஒரு செய்தி அனுப்புங்கள். நீங்கள் சொல்லாமல் வராவிட்டால் அவர்கள் அழைக்கட்டும், அவர்கள் வராவிட்டால் நீங்கள் அழையுங்கள். தனியாக வசிப்பவர்கள் இதை முதல் வாரத்திலேயே செய்துவிடுவது நல்லது.

காய்ச்சல், ஊர்ப் பயணம், வீட்டு விசேஷம் என்று இரண்டு மூன்று வாரம் விட்டுப்போனால், இனி எப்படிப் போய் முகம் காட்டுவது என்று தயங்கவேண்டாம். போங்கள். முதல் நாள் பழைய தூரத்தில் பாதி நடந்து, அருகிலுள்ள பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் சுற்றி வருவதற்குக் காத்திருங்கள். அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.